கழுத்து வலி: கை வைத்தால் மட்டும் போதுமா?

(பேசியவர் திருமலைராயன்பட்டினத்தில் பணிபுரியும் பிசியோதெரபிஸ்ட். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். ஊர் திருமலைராயன்பட்டினம். காரைக்கால்ல இருந்து நாகூர் போற ரோட்டுல, கடலை ஒட்டி இருக்கிற ஊர். சுத்தியும் தமிழ்நாடு, நாங்க மட்டும் புதுச்சேரி. 'பட்டினம்'னு சொன்னாலே இங்க எல்லாருக்கும் புரிஞ்சிடும்.

இன்னைக்கு கழுத்து வலி பத்திப் பேசப் போறேன். ஒரு நாள் தூங்கி எழுந்தா பிடிச்சுக்கிற சுளுக்கு இல்ல. 3 மாசத்துக்கு மேல விடாம இருக்கிற வலி. அதைத்தான் நாள்பட்ட வலின்னு சொல்றோம். 2020-ல உலகம் முழுக்க சுமார் 20 கோடி பேருக்குக் கழுத்து வலி இருந்ததா ஒரு பெரிய சர்வதேசக் கணக்கெடுப்பு சொல்லுது. அதனால உங்களுக்கு இருந்தா நீங்க தனி ஆள் இல்ல.

என்கிட்ட வர்றவங்க பெரும்பாலும் ரெண்டு விஷயம் கேப்பாங்க. 'என் போஸ்ச்சர் சரியில்லையா?' இது முதல் கேள்வி. 'கொஞ்சம் அமுக்கி எடுத்து விடுங்களேன்' இது ரெண்டாவது. போஸ்ச்சரைப் பார்க்கிறது, கையால தசைக்கு வைத்தியம் பண்றது, ரெண்டுமே என் வேலைதான். ஆனா இந்த ரெண்டும் எதுக்குப் பயன்படும், எதுக்குப் பயன்படாதுன்னு தெரியாம காசையும் மாசங்களையும் செலவு பண்றவங்களை நிறைய பார்க்கிறேன். அதைத்தான் இன்னைக்கு பிரிச்சு சொல்லப் போறேன்.

இனி வர்றவங்க எல்லாம் நான் பார்த்த மாதிரியான ஆட்கள். யாருன்னு தெரியாத அளவுக்கு விவரங்களை மாத்தியிருக்கேன்.

ஒரே தெருவுல ரெண்டு கழுத்து

முதல் ஆள், ஒரு அக்கா. 50 வயசு தாண்டினவங்க. மீன் விக்கிறவங்க. காலையில கரையில மீன் எடுத்து, அன்னக்கூடையில போட்டு, தலையில சும்மாடு வச்சு, தெருத்தெருவா நடப்பாங்க. கழுத்தோட வலது பக்கம், தோள்பட்டை எலும்பு மூலை வரைக்கும் வலி. 2 வருஷமா இருக்கு.

ரெண்டாவது ஆள், 27 வயசுப் பையன். பெங்களூரு கம்பெனி ஒண்ணுல வேலை. 2020-ல ஒர்க் ஃப்ரம் ஹோம்னு ஊருக்கு வந்தவர், அப்படியே தங்கிட்டார். ஆபீஸ்னா கட்டில், தலையணை, மடியில லேப்டாப். கழுத்து வலி, பின்மண்டை வலி. 8 மாசமா.

பையனைப் பார்த்தா யாரும் சொல்லிடுவாங்க: 'கூன் போட்டு உக்கார்ந்தா வலிக்காம என்ன பண்ணும்?' சரி, அப்ப அந்த அக்காவுக்கு ஏன் வலிக்குது? நான் போஸ்ச்சர் பத்திப் பேச்செடுத்ததும் அவங்க சிரிச்சிட்டாங்க. 'ஏம்மா, கூடை சாயாம நடக்கிறவளுக்குக் கழுத்து கோணலா இருக்குமா?'

நியாயமான கேள்வி. எங்க ஊர்லயே அழகான போஸ்ச்சர் மீன்கூடை சுமக்கிற பெண்களோடதுதான். காது, தோள், இடுப்பு எல்லாம் ஒரே கோட்டுல இருக்கும். தலை ஆடாது. பாடப் புத்தகத்துல போடுற படம் மாதிரி. அவங்களுக்கும் வலிக்குது. அதே சமயம், அந்தப் பையனோட அண்ணன் அவரைவிட மோசமா கூன் போட்டு உக்கார்ந்து ராத்திரி பூரா கேம் ஆடுறார். அவருக்கு ஒண்ணும் இல்ல.

அப்ப போஸ்ச்சருக்கும் வலிக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு இல்லைன்னு ஆகுது. இது என் சொந்த அனுமானம் மட்டும் இல்ல. ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துல 17 வயசுப் பிள்ளைங்க 1,108 பேரைப் போட்டோ எடுத்து, கழுத்து எப்படி இருக்குன்னு நாலு வகையா பிரிச்சுப் பார்த்தாங்க. 2016-ல வெளிவந்த ஆய்வு. தலை முன்னால நீட்டியிருக்கிற பிள்ளைகளுக்குக் கழுத்து வலி கூடுதலா இருக்கும்னு எதிர்பார்த்திருப்பீங்க. அப்படி ஒரு தொடர்பு தெரியல.

அந்த '27 கிலோ' படம்

இந்த இடத்துல யாராவது போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டுவாங்க. நீங்களும் பார்த்திருப்பீங்க. நேரா இருந்தா தலை 5 கிலோ, 60 டிகிரி குனிஞ்சா கழுத்துல 27 கிலோ. அது 2014-ல கென்னத் ஹன்ஸ்ராஜ்னு ஒரு அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் போட்ட கணக்கு. கம்ப்யூட்டர் மாடல்ல கணக்குப் போட்டு வந்த எண். ஆட்களைப் பரிசோதிச்சு, குனியிறவங்களுக்கு வலி வந்துதான்னு பார்த்த ஆய்வு இல்ல.

குனியும்போது கழுத்துக்குப் பின்னால இருக்கிற தசை அதிகமா வேலை செய்யுது. அது நிஜம்தான். ஆனா தசைன்னா சுமை தாங்கத்தானே இருக்கு? படி ஏறும்போது முட்டியிலயும்தான் உடம்பு எடையைவிட பல மடங்கு விசை விழுது. அதுக்காக யாரும் படி ஏறாம இருக்கிறது இல்ல.

நாம கேக்க வேண்டிய கேள்வி வேற. உங்க கழுத்து எவ்வளவு சுமைக்குப் பழகியிருக்கு, நீங்க அதுமேல எவ்வளவு, எத்தனை மணி நேரம், இடைவெளி விடாம ஏத்துறீங்க? இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் பெரும்பாலும் வலியா வருது.

மாசி மகத்துக்கு திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் எங்க ஊர்க் கடற்கரைக்கு தீர்த்தவாரிக்கு வருவார். சப்பரத்துக்குத் தோள் கொடுத்த பையன்கள் மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாம வந்து நிப்பாங்க. தினமும் சுமை தூக்குறவங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது. சப்பரத்து எடை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். பழக்கம்தான் வேற.

'டிஸ்க் பல்ஜ்'னு எழுதின காகிதம்

அந்த 27 வயசுப் பையன் என்கிட்ட வரும்போது ஒரு பெரிய கவரோட வந்தார். உள்ள எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட். அதுல சி5-சி6 இடத்துல டிஸ்க் லேசா பிதுங்கியிருக்குன்னு எழுதியிருந்தது. அதைப் படிச்சதுல இருந்து அவர் ஜிம்முக்குப் போகல. பைக் எடுக்கல. காலர் மாட்டிக்கிட்டே இருந்தார். வீட்டுல தண்ணிக் குடம்கூட தூக்க விடல. கல்யாணப் பேச்சு வந்தப்போ, 'எலும்பு தேஞ்சு போச்சு, இப்ப வேணாம்'னு சொல்லிட்டார். வலியைவிட அந்தக் காகிதம்தான் அவரைப் படுக்க வச்சிருந்தது.

அவர்கிட்ட நான் சொன்ன தகவலை உங்களுக்கும் சொல்றேன். ஜப்பான்ல எந்தக் கழுத்துப் பிரச்சினையும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாங்க. 2015-ல வெளியாச்சு. அவங்கள்ல 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 20-லிருந்து 29 வயசுக்குள்ள இருக்கிறவங்கள்லயே பத்துக்கு ஏழு பேருக்கு மேல இருந்தது. திரும்பவும் சொல்றேன், இவங்க யாருக்கும் வலி இல்ல.

அப்ப ஸ்கேன் வீணா? இல்லவே இல்ல. கை மரத்துப்போகுது, பலம் குறையுதுன்னா, எந்த நரம்பு, எந்த இடம்னு கண்டுபிடிக்க அது ரொம்ப முக்கியம். ஆனா கையில எந்தப் பிரச்சினையும் இல்லாம, கழுத்துல மட்டும் வலி இருக்கிற ஒரு 27 வயசுக்காரருக்கு, அந்த வரி பல சமயம் நரைமுடி மாதிரி. இருக்கு, ஆனா வலிக்குக் காரணம் அதுதான்னு சொல்லிட முடியாது.

முதல் நாள் நான் என்ன பார்ப்பேன்

நான் உடனே கை வைக்க மாட்டேன். முதல்ல உக்கார வச்சுப் பேசுவேன். எப்ப ஆரம்பிச்சது, எப்ப கூடுது, எப்ப குறையுது, கைக்கு இறங்குதா, தூக்கம் எப்படி, ஒரு நாள் வேலை எப்படிப் போகுது.

அப்புறம் போஸ்ச்சர். 'நேரா நில்லுங்க'ன்னு சொன்னா எல்லாரும் ராணுவத்துல சேரப் போற மாதிரி நிப்பாங்க. அது எனக்கு உதவாது. அதனால வீட்டுல இருக்கிறவங்ககிட்ட, சாயங்காலம் 4 மணிக்கு, அவருக்குத் தெரியாம பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுக்கச் சொல்வேன். அதுதான் நிஜமான போஸ்ச்சர். அந்தப் பையனோட போட்டோவைப் பார்த்தா, முகவாய் கிட்டத்தட்ட நெஞ்சைத் தொடுது. ஒரு கை லேப்டாப்புல, இன்னொரு கை அந்தரத்துல போனைப் பிடிச்சிருக்கு. ரெண்டு தோளும் காதுக்கு ஏறியிருக்கு. இது தப்பான போஸ்ச்சர்னு நான் சொல்லல. இதே நிலையில ஒன்பது மணி நேரம்னுதான் சொல்றேன்.

அடுத்தது ரொம்ப முக்கியம். போஸ்ச்சரை நான் ஒரு தீர்ப்பா சொல்ல மாட்டேன், சோதனையா பார்ப்பேன். எது வலிக்குதோ அதை முதல்ல செய்யச் சொல்வேன், உதாரணமா வலது பக்கம் திரும்புறது. எங்க வலி பிடிக்குதுன்னு பார்த்துப்பேன். அப்புறம் அவங்க முழங்கையை என் கையால தாங்கி, தோள்பட்டையோட பாரத்தை நான் எடுத்துக்குவேன். 'இப்ப திரும்புங்க.' சிலருக்கு உடனே கூடுதலா திரும்பும், வலியும் குறையும். அப்படின்னா தோளைத் தாங்குற தசைதான் களைச்சுப் போயிருக்குன்னு ஒரு துப்பு. இன்னும் சிலருக்கு அதுல எந்த மாற்றமும் இருக்காது, ஆனா மேல்முதுகை நிமிர்த்தினா குறையும். எதை மாத்தினா வலி மாறுதோ, அதுதான் அந்த ஆளுக்கு முக்கியமான போஸ்ச்சர். எதை மாத்தியும் வலி மாறலைன்னா, அவர் முதுகு எவ்வளவு கூனலா இருந்தாலும் நான் அதைப் பெருசா எடுத்துக்க மாட்டேன்.

கடைசியா பலம். மல்லாக்கப் படுத்து, முகவாயை உள்ள இழுத்து, தலையைத் தரையில இருந்து ஒரு அங்குலம் மட்டும் தூக்கி நிறுத்தச் சொல்வேன். வலி இல்லாதவங்கள்ல ஆண்கள் சராசரியா 39 விநாடி, பெண்கள் 29 விநாடி நிறுத்துறதா 2011-ல ஒரு ஆய்வு அளந்திருக்கு. ஆளுக்கு ஆள் நிறைய மாறும், அதனால இதை பாஸ், ஃபெயில்னு எடுத்துக்காதீங்க. அந்தப் பையன் 11 விநாடியில நடுங்க ஆரம்பிச்சுட்டார். வேலை தொடங்க எனக்கு அந்த எண் போதும்.

கை என்ன செய்யுது, என்ன செய்யாது

இப்பதான் கை வைப்பேன். கழுத்து வலிக்காரங்க பலருக்கு ரெண்டு மூணு இடம் பேர் சொன்ன மாதிரி வலிக்கும். கழுத்துல இருந்து தோள் வரைக்கும் சரியுற டிரப்பீசியஸ் தசையோட மேல்பகுதி. தோள்பட்டை எலும்பின் உள்மூலையில இருந்து கழுத்துக்கு ஏறுற தசை. அப்புறம் மண்டை ஓடும் கழுத்தும் சேர்ற இடத்துல இருக்கிற குட்டித் தசைகள். கட்டைவிரலை வச்சு மெதுவா அழுத்தம் கொடுத்து, 30, 40 விநாடி அங்கயே நிறுத்துவேன். மூச்சு விடச் சொல்வேன். விரலுக்கு அடியில தசை இளகுறது தெரியும். சில இடத்தை அழுத்தினா நெத்திப்பொட்டு வரைக்கும் வலி ஓடும். 'அதேதான், அந்த இடம்தான்'னு சொல்வாங்க.

'முடிச்சு உடைஞ்சிடுச்சா'ன்னு கேப்பாங்க. தசைக்குள்ள கயிறு மாதிரி முடிச்சு இருந்து, நாங்க அதை உடைக்கிறோம்னு ஒரு நம்பிக்கை இருக்கு. ஜான் கென்னடிக்கு வெள்ளை மாளிகை மருத்துவரா இருந்த ஜேனட் டிராவெல்தான் இந்த வலிப் புள்ளிகளை விரிவா வரைபடமாக்கினவங்க. டேவிட் சைமன்ஸோட சேர்ந்து 1983-ல அதைப் புத்தகமாவும் கொண்டு வந்தாங்க. எங்க தொழில்ல இன்னைக்கும் அது பெரிய பேர். ஆனா அந்தப் புள்ளி உண்மையில என்னங்கிறதுல ஆராய்ச்சியாளர்களுக்கு நடுவுல இன்னும் சண்டை ஓயல. நான் இப்படித்தான் சொல்வேன்: அந்த இடம் வலிக்கிறது நிஜம், தொட்டா இளகுறதும் நிஜம். ஏதோ உடைஞ்சதால வர்ற மாற்றம் இல்ல. பதட்டமா பிடிச்சு வச்சிருந்த தசையை, 'சரி, விடலாம்'னு நரம்பு மண்டலம் தளர்த்துறதுதான் அதுல பெரிய பங்கு. அதனால கத்துற அளவுக்கு அமுக்கணும்னு அவசியமே இல்ல. மறுநாள் நீலம் பூத்துக் கிடந்தா அது நல்ல வைத்தியத்துக்கு அடையாளம் இல்ல.

நம்ம ஊர்லயும் இது புதுசு கிடையாது. சித்த மருத்துவத்துல தொக்கணம்னு இதுக்குத் தனிப் பகுதியே இருக்கு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல்னு ஒன்பது வகையா பிரிச்சு வச்சிருக்காங்க. கையால வலி குறையும்னு நம்ம ஆளுங்களுக்கு எப்பவோ தெரியும்.

எவ்வளவு நாள் குறையும்னுதான் கேக்கணும். அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் நாள்பட்ட கழுத்து வலி உள்ள 228 பேரை வச்சு மசாஜுக்கு ஒரு சோதனை பண்ணாங்க. 2014-ல முடிவு வந்தது. வாரத்துக்கு 2 அல்லது 3 தடவை, ஒரு மணி நேரம், 4 வாரம் செஞ்சவங்களுக்கு நல்ல பலன் கிடைச்சது. அரை மணி நேர மசாஜுல அந்த அளவுக்குத் தெரியல. அதுக்கப்புறம் சிலருக்கு இன்னும் சில வாரம் கூடுதலா செஞ்சு பார்த்தாங்க. 12-வது வாரத்துல அவங்க கொஞ்சம் முன்னால இருந்தாங்க. 26-வது வாரத்துல அந்த வித்தியாசம் நிக்கல.

என் அனுபவமும் அதேதான். கை வச்சா ஒரு ஜன்னல் திறக்கும். ரெண்டு நாளோ மூணு நாளோ வலி குறைஞ்சு, கழுத்து நல்லா திரும்பும். அந்த ஜன்னல் திறந்திருக்கிற நேரத்துல கழுத்துக்குப் பலம் ஏத்தணும். ஏத்தலைன்னா ஜன்னல் மூடிக்கும், அடுத்த வாரம் திரும்ப வருவீங்க, திரும்ப காசு கொடுப்பீங்க. எனக்கு வருமானம்தான். உங்களுக்கு?

தினமும் ரெண்டு நிமிஷம்

'பலம் ஏத்தணும்'னதும் ஜிம், டம்பெல்னு பயப்படாதீங்க. டென்மார்க்ல அடிக்கடி கழுத்து, தோள் வலி வர்ற 198 ஆபீஸ் ஊழியர்களை மூணா பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு ரப்பர் டியூப் வச்சு தினமும் 2 நிமிஷம் பயிற்சி, இன்னொண்ணுக்கு 12 நிமிஷம், மூணாவதுக்குப் பயிற்சி இல்ல. வாரம் 5 நாள், 10 வாரம். 2 நிமிஷக் குழுவுக்கும் வலி குறைஞ்சது, 12 நிமிஷத்துக்கு ரொம்பப் பின்தங்காம. இது 2011. அதுக்கு முன்னால, 2003-ல, ஃபின்லாந்துல ஆபீஸ் வேலை பார்க்கிற 180 பெண்களை ஒரு வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. கழுத்துக்குப் பலப் பயிற்சியோ தாங்குதிறன் பயிற்சியோ செஞ்சவங்க, வெறும் ஸ்ட்ரெச்சிங்கும் ஏரோபிக்ஸும் செஞ்சவங்களைவிட நல்லா முன்னேறினாங்க.

நான் அந்தப் பையனுக்குக் கொடுத்தது மூணே மூணு.

ஒண்ணு, படுத்துக்கிட்டு 'ஆமாம்' சொல்றது. மல்லாக்கப் படுங்க. பின்மண்டையைத் தூக்காம, முகவாயை மெதுவா உள்ள இழுங்க, தலையாட்டி ஆமாம் சொல்ற மாதிரி. 10 விநாடி நிறுத்துங்க. கழுத்து முன்பக்கம் கயிறு மாதிரி புடைச்சா ரொம்ப முக்குறீங்கன்னு அர்த்தம்.

ரெண்டு, ரப்பர் பேண்டை ரெண்டு காலுக்கும் அடியில மிதிச்சுக்கிட்டு, கைகளைப் பக்கவாட்டுல தோள் உயரம் வரைக்கும் தூக்கி, மெதுவா இறக்குறது. தசை களைக்கிற வரைக்கும். அந்த டென்மார்க் பயிற்சி கிட்டத்தட்ட இதுதான்.

மூணு, பேண்டை ஜன்னல் கம்பியில மாட்டி, முழங்கையைப் பின்னால இழுக்கிறது. துடுப்பு போடுற மாதிரி.

முதல் வாரம் லேசா வலி கூடலாம். மறுநாளுக்குள்ள பழையபடி ஆயிட்டா தொடரலாம். ஆகலைன்னா அளவைக் குறைக்கணும்.

இதோட, லேப்டாப் கட்டில்ல இருந்து மேசைக்குப் போச்சு. அடியில நாலு புத்தகம், தனியா ஒரு கீபோர்டு. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திரிக்கிறது. கால் வந்தா நடந்துக்கிட்டே பேசுறது. காலரைக் கழட்டி அலமாரியில வச்சாச்சு. 3 மாசத்துல அவர் திரும்ப பைக் எடுத்தார். வலி முழுசா போயிடுச்சான்னு கேட்டா, இல்ல. டெலிவரி வாரம் வந்தா எட்டிப் பார்க்கும். ஆனா இப்ப அதைப் பார்த்து அவர் பயப்படுறது இல்ல.

தடைக்காலமும் கழுத்தும்

மீன்கூடை அக்கா கதை இன்னும் சிக்கல். அவங்களுக்கு எர்கோனமிக் நாற்காலி கிடையாது. 'சுமை தூக்காதீங்க'ன்னு நான் சொன்னா, அடுப்பு எரியாது.

அவங்ககிட்ட பேசினதுல ஒரு விஷயம் பிடிபட்டது. கிழக்குக் கடற்கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த ரெண்டு மாசம் அவங்களுக்கு மீன் வரத்து குறைவு, சுமையும் குறைவு. வலி நல்லா அடங்கிடும். ஜூன் கடைசியில திரும்ப ஏறும், முன்னைவிட மோசமா. ரெண்டு வருஷமும் அதேதான். அவங்க அதைத் திருஷ்டின்னு நினைச்சாங்க. நான் காலண்டரைக் காட்டினேன். ரெண்டு மாசம் கழுத்து ஓய்வுல இருந்து பலம் இறங்கிடுது. தடை முடிஞ்சதும் முதல் நாளே முழுக் கூடை.

அதனால அவங்களுக்குத் திட்டம் வேற. கையால செய்யுற வைத்தியம் 4 தடவை மட்டும். பேண்ட் பயிற்சி, தடைக்காலத்துலயும் நிறுத்தாம. தடை முடிய 3 வாரம் இருக்கும்போதே வீட்டு வாசல்ல கூடையில அரிசி வச்சு நடக்கிறது, கால் கூடை, அரைக் கூடை, முக்கால் கூடைன்னு. இன்னொண்ணு, கூடை தலையில இருக்கிற நேரத்தைவிட ஏத்துற இறக்குற நேரத்துலதான் அவங்களுக்குக் கழுத்து வெட்டி இழுக்குது. அதனால தனியா ஏத்தாம யாரையாவது ஒரு கை பிடிக்கச் சொல்றது. 'ஒரு கை பிடிம்மான்னு கேக்கிறதுக்கு எனக்கென்ன வெக்கம்'னாங்க. அந்த வருஷம் ஜூன்ல வலி வந்தது. ஆனா வியாபாரத்தை ஒரு நாள்கூட நிறுத்தல. அவங்களுக்கு வெற்றின்னா அதுதான்.

யமகண்டம்

எங்க ஊரைப் பத்தி ஒரு பழைய கதை உண்டு. காளமேகப் புலவரைத் திருமலைராயன் சபையில யமகண்டம் பாடச் சொன்னாங்களாம். கீழ கொதிக்கிற எண்ணெய்க் கொப்பரை, மேல உறியில புலவர், கழுத்துலயும் இடுப்புலயும் கத்தி. கேக்கிற கேள்விக்கு உடனே பாடணும், தவறினா கத்தி இழுக்கும். இன்னைக்கு அதுக்குப் பேர் டெட்லைன்.

சிரிக்கிறதுக்காக மட்டும் இதைச் சொல்லல. வேலை அழுத்தம், தூக்கக் குறைவு, மனச்சோர்வு, இதெல்லாம் கழுத்து வலியோட சேர்ந்தே வருதுன்னு ஆய்வுகள்ல திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். வலி கற்பனைன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. 5 மணி நேரம் தூங்கின உடம்புக்கு, அதே சுமை அதிகமா வலிக்கும். அதனாலதான் முதல் நாளே தூக்கத்தைப் பத்திக் கேக்கிறேன்.

இதுக்கெல்லாம் பிசியோ கிட்ட வராதீங்க, நேரா டாக்டர்கிட்ட போங்க

இதைக் கவனமா கேளுங்க. கையில பலம் குறையுது, பொருள் நழுவுது, சட்டைப் பட்டன் போட முடியல. நடை தள்ளாடுது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு மாறுது. விபத்துலயோ கீழ விழுந்தோ வலி ஆரம்பிச்சது. காய்ச்சலோடயோ, காரணம் இல்லாம எடை குறையிறதோடயோ வலி. புற்றுநோய் வந்து போனவங்க. ராத்திரி படுத்தாலும் எந்த நிலையிலயும் குறையாத வலி. இதுல எது இருந்தாலும் மசாஜ் வேணாம். என்கிட்ட வந்தாலும் நான் கை வைக்காம காரைக்கால் அரசு பொது மருத்துவமனைக்குத்தான் அனுப்புவேன். நெஞ்சு வலியோட கழுத்து, தாடை, கை வலிச்சா நேரா அவசர சிகிச்சைக்கு.

இன்னொண்ணு, முடி வெட்டுற கடையில தலையைப் பிடிச்சு 'டக்'னு நெட்டி முறிக்கிறது. வீடியோல பார்க்க சுகமா இருக்கும். கழுத்து எலும்புக்குள்ள மூளைக்குப் போற ரத்தக் குழாய் ஓடுது. திடீர்னு திருகினா அரிதா அதோட உள்சுவர் கிழியலாம், பக்கவாதம் வரலாம், இளம் வயசுலயும்கூட. அரிதுதான். ஆனா ஒரு 'டக்' சத்தத்துக்காக அந்த ரிஸ்க் எதுக்கு? முறிச்ச பிறகு புதுசா கடுமையான தலைவலி, தலைசுத்தல், பேச்சுக் குழறல், பார்வை ரெட்டையா தெரியுறது வந்தா, காத்திருக்காதீங்க.

போற இடத்துல கேக்க வேண்டிய நாலு கேள்வி

நீங்க சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ ஒரு பிசியோ கிட்ட போறீங்க. நாலு கேள்வி கேளுங்க.

என் கை பலத்தையும் உணர்ச்சியையும் சோதிச்சீங்களா? எந்த அசைவை மாத்தினா என் வலி மாறுது? நான் வீட்டுல என்ன செய்யணும்? இது எத்தனை தடவை, எப்ப முடியும்?

நல்ல தெரபிஸ்ட் இதுக்கெல்லாம் கோச்சுக்க மாட்டாங்க. '30 சிட்டிங் பேக்கேஜ், நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், நாங்க பார்த்துக்கிறோம்'னு சொன்னா, அங்கதான் யோசிக்கணும். என் கை உங்களுக்கு வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் கிடைக்கும். மிச்ச 166 மணி நேரம் உங்க கழுத்து உங்ககிட்டதான் இருக்கு.

கேள்வி இருந்தா எழுதுங்க. ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பாதீங்க, உங்க ஒரு நாள் எப்படிப் போகுதுன்னு சேர்த்து எழுதுங்க. அதைப் படிச்சாத்தான் எனக்கு ஏதாவது சொல்ல முடியும்.